ஃபிஷ் ஃபைண்டர்: கடலடியைப் படிக்கும் பெட்டி

என்னுடைய முதல் டிரான்ஸ்டியூசர் கோவளத்துக் கடலுக்குள் கிடக்கிறது. கயாக்கின் இடப்பக்க விளிம்பில் அலுமினியக் கை ஒன்றை முடுக்கி, அதன் நுனியில் ஃபிஷ் ஃபைண்டரின் காதான டிரான்ஸ்டியூசரைக் கட்டி, தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு இறங்கினேன். முதல் அலையில் மூக்கு மேலேறி இறங்கியது. இரண்டாவது அலை பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது. கரையில் நின்றிருந்தவர்கள் கயாக்கை இழுத்துப் போட்டபோது அலுமினியக் கையும் இல்லை, டிரான்ஸ்டியூசரும் இல்லை. அறுந்த கேபிள் மட்டும் எலி வாலைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை வடிவமைத்தவர் மேல் குற்றமில்லை. ஏரியிலும் அணையிலும் அது நன்றாக வேலை செய்யும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் உள்ள திறந்த கரையில் கயாக் இறக்குகிறவருக்கு நிலைமை வேறு. அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போகவேண்டும். திரும்பி வருவதும் அதே வாசல் வழியாகத்தான். கட்டுமரக்காரர்கள் மரத்துக்கு வெளியே ஒரு குச்சிகூட நீட்டிக்கொண்டிருக்க விடமாட்டார்கள். நாமும் அந்த வழியில் போவதே நல்லது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் முடிவுகளில் பாதி, அலையை மனத்தில் வைத்து எடுத்தவை.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஃபிஷ் ஃபைண்டர் வாங்கிய மாதத்தில், பக்கத்தில் ஃபைபர் போட்டில் வலை போட்டிருந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

“என்ன தம்பி, உன் டிவி என்ன சொல்லுது?”

“மீனு காட்டுதுண்ணே. கீழ நாலஞ்சு நிக்குது.”

“மீன யாரு கேட்டா? அடி என்ன? சேறா, கல்லா?”

எனக்குத் தெரியவில்லை. திரையில் அது தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் மீன் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. கயாக்கின் வேகத்துக்கு மீனைத் துரத்திப் பிடிக்க முடியாது. மீன் வந்து நிற்கக்கூடிய இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கத்தான் முடியும். அந்த இடத்தைக் காட்டுவது கடலடி. ஆழம் எங்கே சட்டென்று மாறுகிறது, சேறு எங்கே முடிந்து கல் தொடங்குகிறது, கடலடிப் பாறைத்திட்டான பார் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் ஐந்து அங்குலத் திரையில் படிக்கத் தெரிந்தால், கொடுத்த காசு வசூலாகிவிடும்.

காற்றைத்தான் அது கேட்கிறது

டிரான்ஸ்டியூசர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். பத்துப் பாகம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. ஒவ்வொரு எதிரொலியும் திரையின் வலது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடாக விழுகிறது. பழைய கோடுகள் இடப்பக்கம் நகர்கின்றன. ஆகவே இந்த நொடியில் உங்கள் கயாக்குக்குக் கீழே இருப்பது அந்த வலது ஓரக் கோடு ஒன்றுதான். மற்றதெல்லாம் நீங்கள் கடந்து வந்த கதை. திரையின் நடுவில் தெரியும் மீன் உங்களுக்கு முன்னாலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. நீங்கள் தாண்டி வந்துவிட்ட மீன் அது.

தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அடிக்கப்படும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். மீன் திரையில் தெரிவதற்கு முக்கியக் காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. களவா, சங்கரா, பாறை ஆகியவற்றுக்கு அது உண்டு. அதனால் அழுத்தமாகத் தெரியும். நாம் எல்லோரும் தேடிப் போகிற வஞ்சிரத்துக்கோ காற்றுப்பையே கிடையாது. இரண்டு முழ வஞ்சிரம் கயாக்குக்கு அடியில் போனாலும் திரையில் வெளிறிய கீறல்தான் விழும், சில நேரம் அதுகூட விழாது. வஞ்சிரத்துக்குப் போகிறவர் வஞ்சிரத்தைத் தேடக்கூடாது. மத்தி, நெத்திலிக் கூட்டம் மேகம்போலத் திரண்டு தெரியும். அந்த மேகத்தின் ஓரம் கிழிந்து சிதறியிருந்தால், கிழித்தது எது என்று யோசித்துத் தூண்டிலை அங்கே ஓட்டவேண்டும்.

மீனுக்குள் இருக்கும் காற்று நமக்கு உதவுகிறது. டிரான்ஸ்டியூசருக்குக் கீழே இருக்கும் காற்று கண்ணைக் கட்டிவிடும். பொருத்தும் வேலை முழுக்க இந்தக் காற்றை விரட்டுகிற வேலைதான்.

எந்தப் பெட்டி?

வாங்குவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் மூன்றுமே கயாக்குக்கு ஏற்ற நான்கு, ஐந்து அங்குலப் பெட்டிகளைப் போடுகின்றன. ஜிபிஎஸ் உள்ளதாக இருக்கட்டும். அது இல்லாத பெட்டி பாதிப் பெட்டி. பட்டியலில் போட்டிருக்கும் ஆழத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். கார்மின் ஸ்டிரைக்கர் 4 என்ற சின்னப் பெட்டிக்கு நன்னீரில் 1,600 அடி, உப்புநீரில் 750 அடி என்று கம்பெனியே பிரித்துப் போட்டிருக்கிறது. உப்புநீர் ஒலியைச் சீக்கிரம் குடித்துவிடும். அலைவெண் கூடக்கூட இன்னும் வேகமாகக் குடிக்கும். நாம் துடுப்புப் போட்டுப் போகும் பத்து, பதினைந்து பாகத்துக்கு எந்தப் பெட்டியும் போதும்.

கூம்பின் அகலத்தை மட்டும் கவனியுங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் 20 டிகிரிக் கூம்பு என்றால், அடித்தரையில் அது பார்க்கும் வட்டத்தின் குறுக்களவு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். பத்துப் பாகத்தில் ஆறரை மீட்டர்; ஒரு சிறிய வீட்டுக் கூடம் அளவு. வங்காள விரிகுடாவில் அந்தக் கூடத்துக்கு வெளியே என்ன நடந்தாலும் உங்கள் பெட்டிக்குத் தெரியாது. 77 அல்லது 83 கிலோஹெர்ட்ஸில் கூம்பு விரியும். பரப்பு கூடும், துல்லியம் குறையும். பாரைத் தேடும்போது அகலம், பார் கிடைத்தபின் குறுகல் என்று மாற்றி மாற்றி ஓட்டுவது என் வழக்கம்.

டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது

மூன்று வழிகள் உண்டு. பக்கவாட்டுக் கையைப் பற்றி ஏற்கெனவே அழுது முடித்துவிட்டேன். துறைமுகச் சுவருக்குள்ளோ உப்பங்கழியிலோ இறக்குகிறவர் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அலையைத் தாண்டியபின் இறக்கிவிடலாம் என்று சிலர் மடக்குக் கை வைக்கிறார்கள். திரும்பும்போது மேலே மடக்க மறந்துபோகும் நாள் ஒன்று வரும். எனக்கு வந்தது.

இரண்டாவது, கயாக்கின் தளத்தில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் ஸ்கப்பர் ஓட்டை. சில கயாக்குகளில் டிரான்ஸ்டியூசர் உட்காரவே ஒரு பள்ளத்தை அடியில் வார்த்திருப்பார்கள். உங்களுடையது அப்படியானால் அதிர்ஷ்டசாலி. கொடுத்திருக்கும் தட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் பாருங்கள்: டிரான்ஸ்டியூசரின் முகம் கயாக்கின் அடிமட்டத்துக்கு ஒரு விரற்கடையாவது உள்ளே இருக்கவேண்டும். கரையில் இழுக்கும்போது மணல் அதைச் சுரண்டக்கூடாது. பள்ளத்துக்குள் மணல் அடைத்துக்கொள்ளும் என்பது இதன் குறை. கடலில் இறங்கியபின் ஆழம் வரவில்லையென்றால் பெட்டியைத் திட்டுவதற்குமுன் கையை அடியில் விட்டு அந்தப் பள்ளத்தைத் துழாவிப் பாருங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நான் இப்போது பின்பற்றுகிறேன்: டிரான்ஸ்டியூசரைக் கயாக்கின் உள்வயிற்றில், பிளாஸ்டிக் அடித்தட்டின்மேல் உட்கார வைப்பது. வார்ப்புக் கயாக்குகளின் பாலிஎத்திலீன் ஒலியை நன்றாகவே கடத்தும். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, அலை எதையும் பிடுங்க முடியாது. இதற்கு விலையும் உண்டு. 455, 800 கிலோஹெர்ட்ஸில் ஓடும் படம்போன்ற டவுன் இமேஜிங், சைடு இமேஜிங் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தாண்டும்போது மங்கிப்போகும். நீரின் வெப்பநிலை என்று திரையில் வருவது உங்கள் கயாக் வயிற்றின் வெப்பநிலையாக இருக்கும். சாதாரண சோனார் போதுமென்று நினைப்பவருக்கு இது நஷ்டமே இல்லை.

ஒட்டுவதற்குமுன் இடத்தைச் சோதிக்கவேண்டும். அமைதியான தண்ணீரில் கயாக்கில் நீங்களே உட்கார்ந்து, டிரான்ஸ்டியூசரைப் பக்கவாட்டில் கையால் தொங்கவிட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை உள்ளே, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையோடு அடித்தட்டில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஆழமும் ஒன்றாக வந்து, அடித்தரைக் கோடு கொஞ்சமே மெலிந்திருந்தால் அது நல்ல இடம். கோடு விட்டுவிட்டு வந்தால் ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ தள்ளிப் பாருங்கள். உள்ளே நுரைத்தட்டு ஒட்டியிருக்கும் பகுதி உதவாது. நுரை முழுக்கக் காற்று. அடிப்பாகத்தில் வரிவரியாக வார்த்திருக்கும் முகடுகளின் மேலேயும் வேண்டாம். கூடியவரை தட்டையான, கயாக் நிற்கும்போது கிடைமட்டமாக இருக்கிற இடமாகப் பாருங்கள். காலி கயாக்குக்கும் ஆள் ஏறிய கயாக்குக்கும் சாய்வு மாறும். அதனால்தான் உட்கார்ந்து சோதிக்கச் சொன்னேன்.

ஒட்டுவதில் சிக்கல் என்னவென்றால், பாலிஎத்திலீனில் எதுவுமே சரியாக ஒட்டாது. சிலிகானைப் பிதுக்கி அதில் டிரான்ஸ்டியூசரை அமுக்குகிறவர்கள் உண்டு. அமுக்கும்போது சிக்கிய ஒரு மிளகு அளவுக் குமிழி போதும், பாதி எதிரொலி போய்விடும். உள்ளே சிக்கியதைப் பிறகு பார்க்கவும் முடியாது. எனக்குக் கைகொடுத்தது பிளம்பர் கடைப் பொருள். நான்கு அங்குல பிவிசி குழாயில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு வளையம் அறுத்தேன். அடித்தட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வளையத்தை மட்டும் மரைன் சீலண்ட்டால் ஒட்டி இரண்டு நாள் காயவிட்டேன். டிரான்ஸ்டியூசரின் அளவுக்குத் துளை வெட்டிய கெட்டி ஸ்பாஞ்சுத் துண்டு அதை வளையத்துக்குள் நகராமல் பிடித்துக்கொள்கிறது. கிளம்பும்முன் வளையத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். டிரான்ஸ்டியூசரின் முகம் நனைந்திருக்கிறது, குமிழி இல்லை, வேண்டும்போது கழற்றலாம். அலையில் கயாக் கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர் கொட்டிவிடும் என்பது உண்மைதான். அப்போது மூடியைத் திறந்து இன்னொரு கை கடல்நீர் விட்டால் போதும். திறப்பது மட்டும் அலைக்கு அப்பால், அமைதியான இடத்தில்.

பேட்டரியும் களிம்பும்

ஃபிஷ் ஃபைண்டர் கெட்டுவிட்டது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஃபிஷ் ஃபைண்டர் கெட்டிருக்காது. மின்சாரம் வந்திருக்காது.

ஐந்து அங்குலப் பெட்டி அரை ஆம்பியரிலிருந்து முக்கால் ஆம்பியர்வரை இழுக்கும். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினால் மேல்கணக்கு. யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் ஈய பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எடை இரண்டு கிலோவுக்கு மேல். பாதிக்குமேல் தீர்த்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் ஐந்து மணி நேரத்துக்குத்தான் அதை நம்பலாம். எல்எஃப்பி என்று சொல்லப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே 7 ஏஎச்சில் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பத்து மணி நேரம் தாங்கும். கரையில் கயாக்கோடு சேர்த்து அதையும் சுமந்து மணலில் நடக்கப்போவது நீங்கள்தான் என்பதால் நான் எல்எஃப்பி பக்கம். அதற்கென்றே உள்ள சார்ஜரை வாங்குங்கள், பழைய ஈய பேட்டரி சார்ஜர் வேண்டாம்.

எல்எஃப்பியில் ஒரு குணம் உண்டு. கடைசிவரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும். திரையின் மூலையில் வோல்டேஜ் எண்ணைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் 13-க்கு மேலே நின்றுகொண்டிருந்த எண் 12.8-க்குக் கீழே வந்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான்.

பேட்டரியைப் போட, நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் சமையலறை டப்பாவே போதும். பக்கவாட்டில் துளையிட்டு கேபிள் கிளாண்ட் போட்டு வயரை வெளியே எடுங்கள். டப்பாவைச் சீட்டுக்குப் பின்னால், தாழ்வாக, நடுக்கோட்டில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். மூக்குப் பக்க அறையில் போட்டுவிட்டால் முதல் அலையிலேயே அது உள்ளே உருளத் தொடங்கும். மூடிய டப்பாவுக்குள் வைத்து சார்ஜ் செய்யவே கூடாது. ஈய பேட்டரி ஹைட்ரஜனை விடும்.

பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். எத்தனை ஆம்பியர் என்று உங்கள் பெட்டியின் கையேட்டில் போட்டிருக்கும். இந்த அளவுப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 3. ஃபியூஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஈர டப்பாவில் ஒரு பேட்டரி ஷார்ட் ஆனால் கரைவரை நீந்தித்தான் வரவேண்டும்.

அடுத்தது இணைப்பு. நான் முதலில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் கொடுத்து வயர்களை நீட்டிக்கொண்டேன். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரித்தேன். செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தன. வயரின் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பார்த்தால், உப்புநீர் திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே ஒரு சாண் தூரம் ஏறியிருந்தது. அந்த நீளத்தை வெட்டித்தான் போடவேண்டியிருந்தது.

அதனால் வயர் வெள்ளீயம் பூசிய மரைன் வயராக இருக்கட்டும். இணைப்பைச் சால்டர் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். இரண்டு முனையிலும் பசை கசிந்து வெளியே எட்டிப் பார்க்கவேண்டும், அப்போதுதான் அடைபட்டதாக அர்த்தம். சாதாரண ஹீட் ஷ்ரிங்கில் பசை இருக்காது, கேட்டு வாங்குங்கள். பிளக் முனைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாக. திருகு, ஆணி எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு. பெட்டியின் மேல் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பதை நம்பி வயரை அலட்சியப்படுத்தாதீர்கள். அது ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சான்று. உப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

திரைக்கு ஓர் இடம்

உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டவேண்டும், துடுப்பு வீச்சில் படக்கூடாது. இதற்குமேல் ஒரு நிபந்தனை உண்டு: கவிழ்ந்தபின் நீங்கள் ஏறப்போகும் பக்கத்தில் இருக்கக்கூடாது. தண்ணீரிலிருந்து வயிற்றால் ஊர்ந்து ஏறும்போது லைஃப் ஜாக்கெட் கொக்கி திரையின் கம்பியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நான் வலப்பக்கம் ஏறுகிறவன். என் திரை இடப்பக்கம், முழங்காலுக்குச் சற்று முன்னால். எளிதில் கழற்றக்கூடிய உருண்டைத் தலை மவுண்ட், கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறு. அலையைத் தாண்டும்வரை பெட்டி மவுண்டில் இருக்காது, உலர்பைக்குள் இருக்கும். வெளியே போய் அமைதியானதும் மாட்டிக்கொள்ள ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடச் சோம்பலில் பெட்டியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

போலரைஸ்டு கண்ணாடி போடுகிறவர்கள் திரை கறுப்பாகத் தெரிகிறதென்று பதறவேண்டாம். தலையைச் சாய்த்தால் தெரியும். மவுண்டின் கோணத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டே அமையுங்கள்.

முதல் நாள் அமைப்பு

கடலில் அமைப்புகளைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாந்திதான் வரும். வீட்டிலேயே முடிக்கவேண்டியவை: தண்ணீர் வகையை உப்புநீர் என்று மாற்றுவது, விட்டுவிட்டால் ஆழக் கணக்கு சில சதவீதம் பிசகும். ஆழத்துக்குப் பாகம் என்ற அலகு பெட்டியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது, ஆங்கிலத்தில் ஃபேதம். பெட்டியும் பக்கத்துப் போட்டும் ஒரே மொழி பேசினால் உதவி கேட்கச் சௌகரியம். மீன் படம் போடும் ஃபிஷ் ஐடியை அணைப்பது. குமிழி, குப்பை, பாசி என்று எது மிதந்தாலும் அது ஒரு மீன் பொம்மையை வரைந்து நம்மைச் சந்தோஷப்படுத்தும். அந்தப் பெரியவர் முன்னால் நான் அசடு வழிந்ததற்கு அதுதான் காரணம்.

ஜிபிஎஸ்ஸில் ஆயங்களை எந்த வடிவில் காட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கடலில் புழங்குவது டிகிரியும் தசம நிமிடமும். கைபேசி வரைபடம் தசம டிகிரியில் கொடுக்கும். 13.05 டிகிரி என்றால் 13 டிகிரி 3 நிமிடம். அதை 13 டிகிரி 5 நிமிடம் என்று தட்டச்சு செய்தால் இரண்டு நிமிடம், அதாவது இரண்டு கடல்மைல், 3.7 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். மோட்டார் போட்டுக்கு அது பத்து நிமிடத் தவறு. துடுப்புப் போடுகிறவருக்கு அன்றைய காலையே போய்விடும்.

மீதியைத் தண்ணீரில்தான் செய்யமுடியும். சென்சிட்டிவிட்டியைத் தானியங்கியிலிருந்து எடுத்து, திரை முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள் தூவும்வரை ஏற்றுங்கள். பிறகு புள்ளிகள் ஏறக்குறைய மறையும்வரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், துடைத்த திரையில் வஞ்சிரத்தின் அந்த வெளிறிய கீறலும் துடைபட்டுவிடும். மேல்மட்டத்தில் எப்போதும் ஒரு கலங்கல் இருக்கும். அது அலை அடித்து இறக்கிய காற்று. சர்ஃபேஸ் கிளாரிட்டியைக் கொஞ்சம் கூட்டினால் மெலியும், அதிகம் கூட்டினால் மேலே நீந்தும் கோலாவும் காணாமல் போகும்.

ஆழ எல்லையைக் கையால் வைக்கிறவன் நான். பத்துப் பாகத்தில் இருந்தால் இருபத்தைந்து பாகம்வரை திரையைத் திறந்துவிடுவேன். பாதித் திரையை வீணாக்குகிறேன் என்று தோன்றலாம். அங்கேதான் இரண்டாவது எதிரொலி விழும்: ஒலி அடித்தரையில் மோதி, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி அடித்தரைக்குப் போய்த் திரும்புவது, இரு மடங்கு ஆழத்தில் இன்னொரு தரைபோலத் தெரியும். கல்லும் கெட்டி மணலும் அந்த இரண்டாவது தரையைப் பளிச்சென்று காட்டும். சேறு ஒலியை விழுங்கிவிடும். இரண்டாவது தரை வராது, முதல் தரையும் மெலிந்து மங்கியிருக்கும். பெரியவரின் கேள்விக்கு விடை அந்தக் கீழ்ப்பாதித் திரையில் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் சோதித்துப் பாருங்கள். அந்தக் காலக் கப்பல்காரர்கள் ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்கி, ஒட்டிவருவதை வைத்து அடித்தரையை அறிவார்கள். ஒரு ஈயக்குண்டில் பார் சோப்பை அப்பி இறக்குங்கள். சேறோ மணலோ சிப்பித் துண்டோ ஒட்டிவரும். எதுவும் ஒட்டாமல் சோப்பில் கீறல் மட்டும் விழுந்திருந்தால் கல். அந்த நிமிடம் திரை எப்படி இருந்தது என்பதை மனத்தில் பதியவையுங்கள். பத்துத் தடவை இப்படிச் செய்தவருக்குக் கையேடு தேவைப்படாது. கயிற்றைப் பாகம் பாகமாக அளந்து எடுத்தால் பெட்டி காட்டும் ஆழம் சரிதானா என்பதும் தெரிந்துவிடும்.

படிக்கும்போது ஏமாற்றுபவை

கயாக் நகர, மீன் கூம்புக்குள் நுழைந்து வெளியேறினால் திரையில் வில் வளைவு தெரியும்: முதலில் தூரம், நடுவில் கிட்டம், மறுபடி தூரம். கயாக் நின்றுவிட்டால் அதே மீன் நீண்ட கிடைக்கோடாகத் தெரியும். கோடு நீளமாக இருப்பதால் மீன் நீளம் என்று எண்ணவேண்டாம். அது அங்கே அதிக நேரம் நின்றது, அவ்வளவுதான்.

தரை ஒரே சீராக ஏறி இறங்கி ரம்பப் பல்போலத் தெரிந்தால் அது பார் இல்லை. அலையில் நீங்கள்தான் ஏறி இறங்குகிறீர்கள். உண்மையான பார் இப்படித் தாளம் தப்பாமல் வராது. சரிவான இடத்தில் கூம்பின் மேட்டுப்பக்க எதிரொலி முதலில் வந்துவிடுவதால், பள்ளப்பக்கத்தில் தரையை ஒட்டிப் படுத்திருக்கும் களவா தரைக்கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும். பார் ஓரத்தில் திரை காலியாக இருந்தாலும் ஒருதரம் தூண்டிலை இறக்காமல் நகரமாட்டேன்.

நேர்கீழே ஜிக் என்னும் கனமான போலி இரையைப் போடுகிறவர்களுக்கு ஓர் இன்பம் உண்டு. ஜிக் இறங்குவது திரையில் சாய்ந்த கோடாகத் தெரியும். சில நாள் தரையிலிருந்து இன்னொரு கோடு எழுந்து அதை நோக்கி வரும். ஜிக் தெரியவில்லையென்றால் பெரும்பாலும் நீரோட்டம் அதைக் கூம்புக்கு வெளியே இழுத்துவிட்டது. எடை கூட்டுங்கள். ஒரே அலைவெண்ணில் ஓடும் இன்னொரு கயாக் பக்கத்தில் வந்தால் திரையில் சாய்வாகக் கோடுகள் பெய்யும். ஒருவர் அலைவெண்ணை மாற்றிக்கொண்டால் நின்றுவிடும்.

நல்ல இடம் கிடைத்தால் உடனே குறியிடுங்கள். பெயரில் ஆழமும் தரையும் வரட்டும்: ‘9 பாகம் கல் தெற்குச் சரிவு’ என்பது ஆறு மாதம் கழித்தும் புரியும், ‘குறி 014’ புரியாது. மீனவர் ஒருவர் தன் பாரை உங்களுக்குக் காட்டியிருந்தால் அந்தக் குறி உங்கள் பெட்டியோடு இருக்கட்டும். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்த்து, தலைமுறையாகச் சேர்த்த சொத்து அது. அதை வாட்ஸப் குழுவில் போடுகிறவரோடு நான் கடலுக்குப் போவதில்லை.

திரும்பியபின்

பெட்டியைக் கழற்றி உலர்பையில் போட்டுவிட்டுத்தான் அலைக்குள் நுழையவேண்டும் என்பதை மறுபடி சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சவேண்டாம், குவளையால் ஊற்றினால் போதும். திரையைக் காய்ந்த துணியால் துடைப்பது, உப்புப் பரல்களால் அதைச் சாணை பிடிப்பதற்குச் சமம். முதலில் நீர், பிறகு மெல்லிய ஈரத் துணி. வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியையும் பேட்டரியையும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மழைக்காலத்தில் பல வாரம் கடலுக்குப் போகமுடியாதென்றால் எல்எஃப்பி பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து, வயரைக் கழற்றிவிடுங்கள்.

பிளக் முனைகளைக் கழுவி, உதறி, நிழலில் உலர்த்தியபின் கேபிளை விரலால் ஒருமுறை தடவி, விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் ஒரு குவளை.